கடவுச்சொல் சரி, கணக்கு திறக்கவில்லை: தோட்டங்களில் மின்னஞ்சல் சிக்கலும் தீர்க்கும் வழிகளும்

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி என்னிடம் வந்தார். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான இறுதித் திகதிக்கு நான்கு நாட்களே இருந்தன. கையில் அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் அழகான கையெழுத்தில் அதில் எழுதப்பட்டிருந்தன. இரண்டும் சரியாகவே இருந்தன. ஜிமெயில் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. ஆனால், அடுத்த திரையில் 47 என்று முடியும் தொலைபேசி இலக்கம் ஒன்றைக் காட்டி, அதற்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டது.

"இது யாரோட நம்பர் தங்கச்சி?"

"கொமினிகேஷன் கடை அண்ணன் நம்பரா இருக்கும் சேர். அவருதான் சாதாரண தரம் படிக்கிறப்போ அக்கவுண்ட் தொறந்து குடுத்தாரு."

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வாறான கணக்குகளைத் திறப்பதற்கு உதவிவருகிறேன். "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் வருவார்கள். உட்கார்ந்து பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும். கணக்கைத் திறந்தது ஒருவர், கணக்கோடு இணைக்கப்பட்ட தொலைபேசி இலக்கம் இன்னொருவருடையது, அந்த இலக்கத்தின் சிம் மூன்றாவது ஒருவரின் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கும். யாருடைய கையில் அந்த இலக்கம் இருக்கிறதோ அவர் கையில்தான் கணக்கும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்காகவே இந்தக் கட்டுரை.

லயத்துக்கு இல்லாத முகவரி

மின்னஞ்சல் எங்கள் மக்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லவேண்டும். லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான் முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது ஒருவர் கையில் லயத்துக்கு வந்துசேரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அதற்கான அழைப்புக் கடிதம் கைக்குக் கிடைத்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. பதிவுத் தபாலுக்கும் இதே கதிதான்.

யாருடைய மேசையிலும் தங்காமல் நேராக நம்மிடம் வரும் முதல் முகவரி மின்னஞ்சல். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பம் இணையவழியில்தான் நிரப்பப்படுகிறது. தொழில் விண்ணப்பங்கள், வெளிநாட்டிலுள்ள உறவுகள் அனுப்பும் ஆவணங்கள் எல்லாம் அதன் வழியாகவே வருகின்றன. அந்த முகவரியின் சாவியும் வேறொருவரின் சட்டைப்பையில் இருக்குமானால், நாம் மறுபடியும் தோட்ட அலுவலகத்தின் வாசலில்தான் நிற்கிறோம்.

முதலில் திரை என்ன சொல்கிறது என்று வாசியுங்கள்

பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழுத்துவதே பலர் செய்யும் தவறு. திரையில் தெரியும் வாசகம்தான் எந்தச் சிக்கல் என்று காட்டும். கடையில் திறந்த கணக்குகளில் திரை பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தின் கீழே மொழியை மாற்றும் இடம் இருக்கிறது. தமிழைத் தெரிவுசெய்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

*அப்படியொரு கணக்கு இல்லை என்று வந்தால்* முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் இன்னொருவிதம், கடைக்காரர் தட்டியது மூன்றாவது விதம். ஜிமெயில் முகவரியில் பெயருக்கு இடையிலுள்ள புள்ளிகள் விடுபட்டாலும் கூடினாலும் பிரச்சினையில்லை. ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஒருவரின் கணக்கு. பழைய விண்ணப்பப் படிவத்தின் பிரதி இருந்தால் அதில் உங்கள் சரியான முகவரி இருக்கும்.

*கடவுச்சொல் தவறு என்று வந்தால்* விசைப்பலகை தமிழில் அல்லது சிங்களத்தில் இருக்கிறதா, முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாக மாறியிருக்கிறதா, கடைசியில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்திலுள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் நீங்கள் தட்டியது தெரியும்.

*பக்கமே திறக்காவிட்டால்* தொலைபேசியின் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பற்றரி முற்றாக இறங்கிய பழைய தொலைபேசிகளில் திகதி பல வருடங்கள் பின்னால் போயிருக்கும். அந்த நிலையில் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்கமாட்டா. மிகப் பழைய தொலைபேசியென்றால் வேறொரு காரணமும் உண்டு. அன்ட்ரொய்ட் 2.3.7 மற்றும் அதற்கு முந்திய பதிப்புகளில் கூகுள் கணக்குக்குள் நுழைவதை 2021 செப்டெம்பர் 27 முதல் அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது.

*கணக்கு முடக்கப்பட்டது என்று வந்தால்* பிறந்த வருடம் தவறாகப் பதியப்பட்டிருக்கலாம். கடையில் அவசரத்தில் ஏதோ ஒரு வருடத்தைப் போட்டுவிடுவார்கள். 13 வயதுக்குக் குறைந்தவர் என்று தெரிந்தால் கூகுள் கணக்கை முடக்கும். அடையாள அட்டையின் படத்தை அனுப்பி வயதை உறுதிப்படுத்தலாம்.

*ஓர் இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று வந்தால்* அதுதான் எங்கள் தோட்டங்களின் பெருஞ்சிக்கல்.

எங்காவது ஒரு தொலைபேசியில் கணக்கு திறந்திருக்கிறதா?

இலக்கத்தைத் தேடிப் புறப்படுவதற்கு முன் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளையும் பாருங்கள். அண்ணனின் பழைய தொலைபேசியில், கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புக்காக வாங்கிய உடைந்த திரைத் தொலைபேசியில் அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கலாம். இருந்தால் அதைக் கைவிடாதீர்கள். கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள். தொலைபேசியை "ரீசெட்" செய்யாதீர்கள்.

அந்தத் தொலைபேசியின் அமைப்புகளில் கூகுள் என்ற பகுதிக்குள் சேமிக்கப்பட்ட கடவுச்சொற்களின் பட்டியல் இருக்கும். திரைப் பூட்டைத் திறந்து அதைப் பார்க்கலாம். வேறு தொலைபேசியில் நுழைய முயன்றால், இந்தத் தொலைபேசியின் திரையில் "நுழைய முயல்வது நீங்கள்தானா?" என்று கேள்வி வரும். ஆம் என்று அழுத்தினால் பல வேளைகளில் குறியீடே தேவைப்படாது. உள்ளே போனதும் பாதுகாப்புப் பகுதியில் மீட்பு இலக்கத்தை உங்களுடையதாக மாற்றிவிடுங்கள்.

இலக்கம் தொலைந்தால் என்ன செய்வது?

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிந்தது. 2017 மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. உயிர்களும் வீடுகளும் போன இடத்தில் தொலைபேசியைப் பற்றி யார் பேசுவது? ஆனால், நிவாரணத்துக்கும் இழந்த ஆவணங்களுக்கும் அலையும்போதுதான், இலக்கத்தோடு மின்னஞ்சலும் போய்விட்டது என்பது தெரியவருகிறது. சிம் தொலைந்தாலும் இலக்கம் தொலையவேண்டியதில்லை.

சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருந்தால், அட்டையுடன் தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குச் சென்று அதே இலக்கத்தில் புதிய சிம் பெறலாம். தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கத்தவர்களுக்கு அவிசாவளையும், காவத்தை, இறக்குவானைப் பக்கத்தவர்களுக்கு இரத்தினபுரியும் கிட்டிய பெரிய நகரங்கள். ஒருநாள் பேரை இழந்து போகவேண்டியிருக்கும். ஆகவே, போவதற்கு முன் சிம் யார் பெயரில் உள்ளது என்பதை நிறுவனத்துக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

சிம் அப்பா, கணவர், சகோதரர் பெயரில் இருந்தால் அவர்தான் நேரில் போகவேண்டும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன அம்மாவின் சிம் பெட்டிக்குள் கிடக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நீண்டகாலம் பணம் போடாத இலக்கத்தை நிறுவனம் துண்டித்துவிடும். பிறகு அது வேறு ஒருவருக்கு வழங்கப்படலாம். அவ்வப்போது சிறிய தொகையொன்றை ரீலோட் செய்து அந்த இலக்கத்தை உயிரோடு வைத்திருங்கள்.

இலக்கம் கடைக்காரருடையதாக இருந்தால் தயங்காமல் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. கணக்குத் திறக்க ஓர் இலக்கம் தேவைப்பட்டது, பிள்ளையிடம் தொலைபேசி இல்லை, தன்னுடையதைக் கொடுத்துவிட்டார். அவர் அருகில் இருக்கும்போதே நுழைந்து, குறியீட்டைப் பெற்று, உடனே இலக்கத்தை மாற்றுங்கள். மாற்றிய பின்னரும் 7 நாட்களுக்குப் பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் வைத்திருக்கலாம். இந்த 7 நாட்கள் நமக்கும் ஒரு பாதுகாப்புத்தான். யாராவது உங்கள் கணக்குக்குள் புகுந்து இலக்கத்தை மாற்றிவிட்டால், ஒரு வாரத்துக்குள் உங்கள் பழைய இலக்கத்தைக்கொண்டு மீட்க முயலலாம்.

எந்த இலக்கமும் கைக்கு வராவிட்டால்

உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதை அழுத்தி, வேறு வழியில் முயல்வதைத் தெரிவுசெய்யுங்கள். இங்கே நீங்கள்தான் உரிமையாளர் என்பதை இயந்திரம் பல அடையாளங்களை வைத்துக் கணிக்கிறது. ஆகவே, முன்பு கணக்கைப் பயன்படுத்திய அதே தொலைபேசியில், அதே செயலியில், வழக்கமாகப் பயன்படுத்திய இடத்திலிருந்து முயலுங்கள். லயத்தில் பயன்படுத்திய கணக்கைக் கொழும்பில் உறவினர் வீட்டுக் கணினியில் மீட்கப் போனால் வாய்ப்புக் குறையும். பழைய கடவுச்சொல் கேட்டால் நினைவிலுள்ள ஆகக் கடைசியானதைக் கொடுங்கள். கேள்வியைத் தாண்டிச் செல்வதைவிட ஊகித்துப் பதிலளிப்பது நல்லது. முடியாவிட்டால் ஒரே நாளில் பத்து முறை முயலாமல் சில நாட்கள் விட்டு மீண்டும் முயலுங்கள்.

ஹொட்மெயில், அவுட்லுக் கணக்குகளுக்கு மைக்ரோசொப்ட் ஒரு மீட்புப் படிவம் வைத்திருக்கிறது. பழைய கடவுச்சொற்கள், அண்மையில் யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினீர்கள், அதன் தலைப்பு என்ன என்பவற்றை அது கேட்கும். படிவத்தை நிரப்புமுன் உங்களோடு மடல் பரிமாறியவர்களிடம் அந்தத் தலைப்புகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீட்பு விபரங்கள் அனைத்தையும் நீக்கிப் புதியவற்றை இட்டால், மைக்ரோசொப்ட் 30 நாட்கள் காத்திருக்க வைக்கும். அவசர விண்ணப்பம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

காலமும் கணக்கை அழிக்கும்

காவத்தைப் பக்கத்தில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். 1977 ஆகஸ்ட் வன்செயலில் சப்பிரகமுவ தோட்டங்களிலிருந்து வடக்குக்குப் போன குடும்பங்களில் அவருடைய அக்கா குடும்பமும் ஒன்று. வவுனியாவுக்குப் போய், பிறகு கிளிநொச்சியில் காணி வெட்டிக் குடியேறினார்கள். அக்காவின் மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். வெளிநாட்டில் இருந்த உறவினர் ஒருவர், அந்தப் பிள்ளையின் படங்களையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் 2012இல் இந்த அம்மாவின் யாகூ முகவரிக்கு அனுப்பியிருந்தார். காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுப்பதற்காக அக்கா அவற்றைக் கேட்டபோதுதான் அம்மா அந்த முகவரியைத் தேடி எடுத்தார்.

கணக்கு இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. 12 மாதங்கள் திறக்கப்படாத அஞ்சல் பெட்டியின் உள்ளடக்கத்தை யாகூ அழித்துவிடும். தனிநபர் கணக்குகள் 2 வருடங்கள் பயன்படுத்தப்படாவிட்டால் அவற்றை அழிக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அவ்வருடம் டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. மைக்ரோசொப்ட் கணக்குக்கும் 2 வருடங்களே எல்லை.

அன்று நாங்கள் செய்ததை இதை வாசிக்கும் எவரும் செய்யலாம். உங்களுக்கு வந்த மடல் உங்களிடம் அழிந்தாலும், அனுப்பியவரின் "அனுப்பியவை" பெட்டியில் அது இருக்கக்கூடும். அந்த உறவினரை வட்ஸ்அப்பில் பிடித்தோம். அவர் தன் பெட்டியில் அம்மாவின் முகவரியைத் தட்டித் தேடினார். இரண்டு படங்கள் கிடைத்தன. பிறப்புச் சான்றிதழின் பிரதி கிடைக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்து அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. புதிய கணக்கில் சேமித்து, அவிசாவளையில் அச்சிட்டும் எடுத்தோம்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் சொந்த மின்னஞ்சலைத் திறக்க முடியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இறந்தவரின் கணக்கு பற்றிக் குடும்பத்தினர் கூகுளிடம் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. கடவுச்சொல் தரமாட்டார்கள், சில வேளைகளில் உள்ளடக்கத்தைத் தருவார்கள். ஆனால், அதற்கு மரணச் சான்றிதழ் கேட்கப்படும். பிள்ளை எங்கே என்று இன்றும் வீதியில் நின்று கேட்கும் தாயிடம் அந்தத் தாளைக் கேட்பது எத்தகையது என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அவர் யார் யாருக்கு எழுதினார் என்று தேடுங்கள். அவர்களின் பெட்டிகளில் அவருடைய மடல்கள் இருக்கலாம்.

குறியீடு கேட்பவர்களிடம் கவனம்

கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். கடவுச்சொல் மீட்டுத்தரும் எந்த வெளிச் சேவையுடனும் தமக்குத் தொடர்பில்லை என்று கூகுள் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் தொலைபேசிக்கு வரும் 6 இலக்கக் குறியீட்டை வங்கியிலிருந்து பேசுகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்காமலே குறியீடு வந்தால், யாரோ நுழைய முயல்கிறார் என்று பொருள். கணக்கு களவாடப்பட்டால் இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவிடம் 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

இந்த வாரமே செய்யவேண்டியவை

1. உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையில் ஒரு சிம் எடுத்து, அதையே மீட்பு இலக்கமாகக் கொடுங்கள்.

2. நம்பிக்கையான ஒருவரின் மின்னஞ்சலை மீட்பு முகவரியாகச் சேருங்கள்.

3. கணக்கு திறந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். கடைக் கணினியோ தெரியாத தொலைபேசியோ இருந்தால் அங்கிருந்து வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

4. கூகுளில் இரண்டு படி உறுதிப்படுத்தலை இயக்கினால் பேக்அப் கோட் எனப்படும் 10 குறியீடுகளைப் பெறலாம். தொலைபேசி இல்லாதபோது ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள்.

5. எல்லா மின்னஞ்சல் கணக்குகளையும் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். முக்கியமான ஆவணங்களை அச்சிட்டும் வையுங்கள்.

6. கணக்கு கிடைக்கவே கிடைக்காது என்றால் காத்திருக்காதீர்கள். புதிய கணக்கொன்றைத் திறந்து, விண்ணப்பித்த நிறுவனங்களுக்கெல்லாம் அடையாள அட்டை இலக்கத்தைக் குறிப்பிட்டு, முகவரி மாறியதை எழுத்தில் அறிவியுங்கள்.

தெஹியோவிட்ட மாணவியின் கதைக்கு வருகிறேன். 47 என்று முடியும் இலக்கம் கடைக்காரருடையதும் அல்ல. அப்போது கடையில் வேலைசெய்த பையனுடையது. அவர் கட்டாருக்குப் போய்விட்டார். நல்லவேளையாக அவருடைய தாய் அடுத்த டிவிஷனில் இருந்தார். சிம் தாயின் சின்னத் தொலைபேசிக்குள்தான் இருந்தது. மாணவியும் நானும் பற்றைக்காட்டுப் பாதையில் இறங்கிப் போய், சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டில் அந்தத் தாயை நிறுத்தி, வந்த ஆறு இலக்கங்களையும் வாசிக்கச் செய்தோம். தட்டியதும் கணக்கு திறந்தது. இறுதித் திகதிக்கு ஒருநாள் முன்னதாக விண்ணப்பம் போய்ச்சேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் தன் பெயரில் ஒரு சிம் வாங்கினார். பத்துக் குறியீடுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் சேமலாப நிதிப் பத்திரங்கள் இருக்கும் பிஸ்கட் தகரத்துக்குள் அதை வைத்துவிட்டதாக அன்றிரவு செய்தி அனுப்பியிருந்தார்.